கோர்ட் மெலடி வாசிக்கையில் வரும் கோளாறுகள்: எங்கே பார்ப்பது, எப்போது ஆளைக் கூப்பிடுவது

திருகோணமலையில் கிற்றார் பழகுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வழியால் வருகிறார்கள். ஒன்று தேவாலயப் பாடகர் குழு, மற்றது பைலா. இரண்டிலும் வலது கைக்கு நல்ல பயிற்சி கிடைக்கும். ஆறு தந்தியையும் சேர்த்து அடித்து, பாடுகிறவருக்குத் தாளம் கொடுப்பதுதான் அங்கே வேலை. அதே ஆள் நிலாவெளியிலோ உப்புவெளியிலோ ஒரு ஹோட்டலில் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குத் தனியாக வாசிக்க ஒத்துக்கொண்டு ஜாஸ் கோர்ட் மெலடி பழகத் தொடங்கியதும் கோளாறுகள் வரிசையாக வரும். பாடுகிறவர் இல்லை, பாஸ்காரர் இல்லை. மெலடி (பாட்டின் மெட்டு), கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள்), பாஸ் (அடி நோட்) மூன்றையும் ஒரே ஆள் தூக்க வேண்டும், அதுதான் கோர்ட் மெலடி.

பழக வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்த்த கோளாறுகளைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். உங்களுடையது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், செலவு கூடியது கடைசியில். மெல்லிய தந்தி 1, தடித்த தந்தி 6 என்று எண்ணியிருக்கிறேன்.

எந்தக் கோளாறானாலும் முதல் வேலை ஒன்றுதான். போனை மேசையில் வைத்து ஒரு நிமிடம் ரெக்கோட் பண்ணிக் கேளுங்கள். வாசிக்கும்போது மனதுக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருப்பதால் கையில் இருந்து வராததும் காதில் விழுந்ததுபோல இருக்கும். ரெக்கோட்டில் அது விழாது.

கோளாறு 1: எந்தப் பாட்டு என்று கேட்கிறவருக்குத் தெரியவில்லை

"அண்ணா, கோர்ட் எல்லாம் சரியா வருது, ஆனா வீட்டில ஒருத்தருக்கும் பாட்டு விளங்கேல்லயாம்." அதிகம் கேட்கும் முறைப்பாடு இதுதான். ரெக்கோட்டை அந்தப் பாட்டுத் தெரிந்த ஒருவருக்கு அடுத்த அறையில் இருந்து போட்டுக் காட்டுங்கள். அவர் கண்டுபிடிக்காவிட்டால் கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள்.

மெலடி மேலே இருக்கிறதா?

கோர்ட்டில் கடைசியாக ஒலிக்கும் மிக மேலான நோட் எதுவோ, அதைத்தான் காது பாட்டு என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் 2ஆம் தந்தியில் மெலடியை வைத்துவிட்டு 1ஆம் தந்தியையும் ஒலிக்க விட்டால், 1ஆம் தந்திதான் பாட்டாகிவிடும். சரிபார்க்கும் வழி: ஒவ்வொரு கோர்ட்டையும் பிடித்து மேல் நோட்டை மட்டும் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போங்கள். பாட்டு முழுதாக வருகிறதா? வராத இடத்தில் மெலடிக்கு மேலே ஏதோ ஒரு தந்தி திறந்து கிடக்கிறது. அதை விரலின் அடிப்பகுதியால் தொட்டு அடக்குங்கள், அல்லது வலது கையால் மீட்டாமல் விடுங்கள்.

மெலடி மிகக் கீழே கிடக்கிறதா?

கிற்றாரின் நோட் எழுதியிருப்பதைவிட ஓர் ஒக்டேவ் (ஸ்தாயி) கீழேதான் ஒலிக்கும். பாட்டுத் தாளில் உள்ள மெலடியை அப்படியே வாசித்தால் பல இடங்களில் அது 3ஆம், 4ஆம் தந்தியில் போய் விழும். அதற்குக் கீழே கோர்ட் வைக்க இடமில்லை. முழு மெலடியையும் ஓர் ஒக்டேவ் ஏற்றுங்கள். ஏற்றினால் 12ஆம் ஃபிரெட்டை (கழுத்தின் குறுக்கே உள்ள கம்பி) தாண்டிப் போகிறதா? அப்போது பாட்டின் கட்டையை (கீ) மாற்றுங்கள். ஜாஸ் பாட்டுகள் பல ஊதுகருவிக்காரர்களுக்கு வசதியான ஈ பிளாட், பி பிளாட் போன்ற கட்டைகளில் இருக்கும். தனியாக வாசிக்கிறவருக்கு அந்தக் கட்டையில் நிற்க வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. மெலடியின் பெரும்பகுதி 1ஆம், 2ஆம் தந்திகளில் வரும் கட்டையே நல்ல கட்டை.

நோட் கூடிப்போனதா?

பத்தில் எட்டுப் பேருக்குக் கோளாறு இங்கேதான் என்று தயங்காமல் சொல்வேன். பாரே பிடித்து (ஒரு விரலால் எல்லாத் தந்தியையும் அழுத்தி) ஆறு தந்தியும் ஒலித்தால்தான் கோர்ட் நிறைவு என்ற பழக்கம் தேவாலயத்திலும் பைலாவிலும் உதவும், இங்கே மெலடியை மூடிவிடும். ஒரு கோர்ட்டின் குணத்தைச் சொல்ல, அதன் பெயர் நோட்டை 1 என்று எண்ணி வரும் 3ஆவது நோட்டும் 7ஆவது நோட்டும் போதும். 5ஆவது நோட் சாதாரண கோர்ட்டில் தேவையே இல்லை, முதலில் அதை எறியுங்கள். பிறகு ஒரே நோட் இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்றை எறியுங்கள். மிஞ்சுவது பாஸ், 3, 7, மேலே மெலடி. நாலு தந்தி, நாலு விரல்.

பிரெடி கிரீன் 1937இல் கவுன்ட் பேசியின் ஜாஸ் இசைக்குழுவில் சேர்ந்து 1987இல் இறக்கும்வரை அங்கேயே ரிதம் கிற்றார் வாசித்தவர். அவர் வாசிப்பில் பல இடங்களில் ஒன்றிரண்டு தந்திதான் தெளிவாகக் கேட்கும். முழு பிக் பேண்ட் (பெரிய ஜாஸ் குழு) ஒன்றுக்கு அது போதுமாக இருந்தது.

வலது கை சமமாக அடிக்கிறதா?

பிக்கால் மேலிருந்து கீழே இழுத்தால் தடித்த தந்தி முதலிலும் பலமாகவும் ஒலிக்கும், மெலடி கடைசியில் மெலிந்து வரும். பிக்கை வைத்துவிட்டு கட்டைவிரல் பாஸுக்கு, சுட்டுவிரலும் நடுவிரலும் உள் நோட்டுகளுக்கு, மோதிர விரல் மெலடிக்கு என்று பிரித்து, நாலையும் ஒன்றாகக் கிள்ளுங்கள். பிறகு மோதிர விரலை மட்டும் கொஞ்சம் ஆழமாக இழுத்துப் பாருங்கள். பிக்கை விட மனமில்லாதவர்கள் பிக்கால் பாஸையும் மற்ற மூன்று விரல்களால் மேல் தந்திகளையும் எடுக்கலாம். ஜாஸ் கிற்றார்காரர் வெஸ் மொன்ட்கொமரி பிக்கே இல்லாமல் கட்டைவிரலால் வாசித்தவர், ஆகவே வழி ஒன்றுதான் என்று யாரும் உங்களைக் கட்டிப்போட முடியாது. சோதனை ஒன்றுதான்: மெலடி மற்ற நோட்டுகளைவிட உரத்துக் கேட்கிறதா?

இவ்வளவும் பார்த்த பிறகும் மின் கிற்றாரில் 1ஆம் தந்தி மட்டும் மங்கலாகக் கேட்டால், பிக்கப்பின் (தந்திக்குக் கீழே ஒலியை எடுக்கும் பாகம்) இரண்டு பக்கத் திருகாணிகளில் மெல்லிய தந்திப் பக்கத்தை அரைச் சுற்று உயர்த்துங்கள். இந்தக் கோளாறுக்காகப் புதுக் கிற்றார் வாங்கப் போகாதீர்கள்.

கோளாறு 2: கோர்ட் மாறும் இடத்தில் மெலடி அறுகிறது

ரெக்கோட்டில் கோர்ட்டுக்குக் கோர்ட் ஒரு சின்ன வெற்றிடம் கேட்கும். கை முழுதும் தந்தியை விட்டு எழும்பி அடுத்த இடத்தில் இறங்குவதுதான் காரணம். பாட்டு முழுவதையும் வேகம் குறைத்து வாசிப்பதால் இது மாறாது. அறுகிற இரண்டு கோர்ட்டை மட்டும் எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7. மெலடி எஃப், ஈ, டி என்று 2ஆம் தந்தியில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டி மைனர் 7: நடுவிரல் 5ஆம் தந்தி 5ஆம் ஃபிரெட், சுட்டுவிரல் 4ஆம் தந்தி 3ஆம் ஃபிரெட், மோதிர விரல் 3ஆம் தந்தி 5ஆம் ஃபிரெட், மெலடிக்குச் சுண்டுவிரல் 2ஆம் தந்தி 6ஆம் ஃபிரெட்.

ஜி 7க்குப் போகும்போது சுண்டுவிரலும் மோதிர விரலும் தந்தியை விடாமல் கிற்றாரின் தலைப்பக்கமாக ஒரு ஃபிரெட் கீழே சறுக்கட்டும். சுட்டுவிரல் இருந்த இடத்திலேயே இருந்து, கொஞ்சம் நீண்டு சாய்ந்து, 6ஆம் தந்தியின் 3ஆம் ஃபிரெட்டையும் பிடிக்கட்டும். நடுவிரல் மட்டும் எழும்பும். 5ஆம் தந்தியைக் கிள்ளாமல் விடுங்கள். இப்போது கையில் இருப்பது ஜி, எஃப், பி, மேலே ஈ. நாலு விரலில் தந்தியை விட்டு எழும்பியது ஒன்றே ஒன்று. மெலடி அறுவதற்கு வழியே இல்லை.

சி மேஜர் 7க்குப் போவது கடினம். நடுவிரல் 5ஆம் தந்தி 3, சுட்டுவிரல் 4ஆம் தந்தி 2, சுண்டுவிரல் 3ஆம் தந்தி 4, மோதிர விரல் 2ஆம் தந்தி 3. விரல்கள் இடம் மாறுகின்றன. இங்கே செய்ய வேண்டியது: மெலடியின் டி நோட்டை மட்டும் சரியான தாள அடியில் வையுங்கள், மற்ற மூன்றையும் அரைத் தாள அடி பிந்தி வையுங்கள். கேட்கிறவருக்கு அது வேண்டுமென்றே செய்த அழகாகத்தான் படும். மெலடி நேரத்துக்கு வந்தால் கோர்ட் பிந்தி வரலாம். மெலடி பிந்தினால் எல்லாம் போச்சு.

உங்கள் பாட்டில் அறுகிற ஒவ்வோர் இடத்துக்கும் இப்படிக் கேளுங்கள்: எந்த விரல் அசையத் தேவையில்லை? எந்த விரல் எழும்பாமல் சறுக்கலாம்? இரண்டுக்கும் விடை "ஒன்றுமில்லை" என்றால் அந்த கோர்ட்டை வேறு இடத்தில் பிடியுங்கள், அல்லது பாஸ் நோட்டை விடுங்கள்.

ஆறுதலாக இரண்டு மூன்று கிழமை பார்த்தும் அதே இடத்தில் அறுகிறது என்றால் ஆசிரியர் ஒருவரிடம் காட்டுங்கள். ஜாஸ் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. கிளாசிக்கல் கிற்றார் பழகிய ஒருவர் விரல் ஒழுங்கை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். ஊரில் ஆள் கிடைக்காவிட்டால் இடது கையைக் கிட்டத்தில் பிடித்த வீடியோ ஒன்றை அனுப்பினாலே போதும்.

கோளாறு 3: தாளம் நொண்டுகிறது

மெலடியின் ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு கோர்ட் வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அனேகமாக வைத்திருப்பீர்கள். ஒரு பாருக்கு (தாளத்தின் ஒரு சுற்று) ஒரு கோர்ட், கூடினால் இரண்டு. மற்ற நோட்டுகள் தனியாகவே ஓடட்டும்.

அதன் பிறகும் நொண்டினால் கோர்ட்டை முழுதாக விட்டுவிட்டு மெலடியை மட்டும் காலால் தட்டி வாசியுங்கள். மெலடியே நொண்டுகிறதென்றால் கோர்ட்டில் பிழை தேடிப் பயனில்லை, பாட்டை வாயால் பாடிப் பழகுங்கள். மெலடி மட்டும் நன்றாக வந்தால் மெட்ரோனோமை மெல்ல வைத்து, அதன் தட்டை 2ஆம், 4ஆம் அடியாக எண்ணி, ஒரு பாருக்கு ஒரு கோர்ட்டாகத் திரும்பச் சேருங்கள்.

கோளாறு 4: கோர்ட்டும் சரி, மெலடியும் சரி, சேர்த்தால் கசக்கிறது

முதலில் சுருதியைப் பாருங்கள். சுருதி சரியென்றால் அநேகமாக இரண்டில் ஒன்றுதான்.

மெலடி கோர்ட்டின் பெயர் நோட்டாகவே இருக்கிறது, உள்ளே மேஜர் 7 இருக்கிறது. சி மேஜர் 7க்கு மேல் மெலடி சி வந்தால், உள்ளே இருக்கும் பி அதோடு உரசும். பி நோட்டை ஏ ஆக்கி சி 6 பிடியுங்கள்: 5ஆம் தந்தி 3, 4ஆம் தந்தி 2, 3ஆம் தந்தி 2, மேலே 2ஆம் தந்தி 1. கசப்பு உடனே போய்விடும். பாட்டின் கடைசி நோட் பெரும்பாலும் இப்படித்தான் முடியும் என்பதால் இந்தப் பிடியைக் கையில் வைத்திருங்கள்.

மெலடி கோர்ட்டின் 4ஆவது நோட்டாக இருக்கிறது, உள்ளே 3ஆவது நோட்டும் இருக்கிறது. சி மேஜர் 7க்கு மேல் எஃப். அந்த நோட் குறுகிக் கடந்து போவதென்றால் அதற்குக் கோர்ட் வைக்காதீர்கள். நீண்டு நிற்பதென்றால் அங்கே டி மைனர் 7ஐ வைத்துவிட்டு, மெலடி ஈக்கு இறங்கியதும் சி மேஜர் 7க்கு வாருங்கள்.

இரண்டும் இல்லையென்றால் பாட்டுத் தாளைச் சந்தேகப்படுங்கள். இணையத்தில் கிடைக்கும் கோர்ட் தாள்களில் பிழை நிறைய. ஒரே பாட்டின் இரண்டு பழைய ஒலிப்பதிவுகளைப் போட்டு பாஸ்காரர் அந்த பாரில் எந்த நோட்டில் இறங்குகிறார் என்று வடிவாகக் கேளுங்கள்.

கோளாறு 5: அடிப்பக்கம் மண்டிப்போய்க் கேட்கிறது

5ஆம், 6ஆம் தந்திகளில் ஒரு நேரத்தில் ஒரு நோட்தான். அங்கே இரண்டு நோட்டைக் கிட்டக் கிட்ட வைத்தால் எந்தக் கிற்றாரிலும் மண்டும். பாஸ்காரர் கூட இருந்தால் அந்த ஒன்றையும் விட்டுவிடுங்கள். ஆம்பில் பாஸ் குமிழைப் பாதிக்குக் கீழே கொண்டுவந்து பாருங்கள். அவ்வளவுதான்.

கோளாறு 6: மேல் ஃபிரெட்டுகளுக்குப் போகச் சுருதி விலகுகிறது

தேவாலயத்திலோ பைலாவிலோ முதல் நாலு ஃபிரெட்டுக்குள் காலம் கழித்தவருக்கு இது தெரியாமலே இருந்திருக்கும். கோர்ட் மெலடி 7ஆம், 10ஆம் ஃபிரெட்டில் வாசம் செய்வதால் கிற்றாரின் குறை இப்போதுதான் வெளியே வரும்.

முதலில் விரல் அழுத்தம். தேவைக்கு மேல் அழுத்தினாலோ தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தாலோ நோட் ஏறிவிடும். மெல்லத் தொட்டு, நோட் தெளிவாக ஒலிக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

அடுத்தது தந்தி. கடலை மூன்று பக்கம் வைத்துக்கொண்டிருக்கும் ஊர் இது. உப்புக்காற்றில் தந்தி கெதியாகக் கறுக்கும். தந்தியின் அடிப்பக்கத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். சொரசொரத்தால் அது இனிச் சுருதியில் நிற்காது. வாசித்து முடிந்ததும் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொதியோடு வையுங்கள். புதுத் தந்தி போடும்போது 1ஆம் தந்தியின் தடிப்பு 012 ஆகவும், 3ஆம் தந்தி மேலே கம்பி சுற்றிய சுற்றுத் தந்தியாகவும் உள்ள செட்டை எடுங்கள். மெல்லிய செட்டில் வரும் சுற்றில்லாத 3ஆம் தந்தி கோர்ட்டுக்குள் சுருதி விலகும் முதல் ஆள். சவர்க்காரம் போல வழுக்கும் ஃபிளாட்வுண்ட் தந்தி வேண்டுமென்றால் கொழும்பில் இருந்து எடுப்பிக்க வேண்டி வரலாம். செட் தடித்தால் கழுத்தில் இழுவை கூடும், பின்னால் சொல்லும் சோதனையை மறக்காமல் செய்யுங்கள்.

எஃப் துளை உள்ள ஆர்ச்டாப் (முன்பலகை வளைந்த கிற்றார்) வைத்திருப்பவருக்கு ஒரு எச்சரிக்கை. அதன் பிரிட்ஜ் (உடலில் தந்திகளைத் தாங்கும் பாகம்) பெரும்பாலும் ஒட்டியிருக்காது, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கும். ஆறு தந்தியையும் ஒன்றாகக் கழற்றினால் பிரிட்ஜ் நகர்ந்துவிடும், பிறகு எந்த ஃபிரெட்டும் சரிவராது. ஒவ்வொன்றாக மாற்றுங்கள். அதற்கு முன் பிரிட்ஜின் காலைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி இடத்தைக் குறித்து வையுங்கள்.

புதுத் தந்தி போட்டுச் சுருதி சேர்த்த பிறகு 12ஆம் ஃபிரெட் சோதனை. தந்தியை ஃபிரெட்டுக்கு நேர் மேலே அழுத்தாமல் தொட்டு மணி ஓசையை எடுங்கள், பிறகு அதே ஃபிரெட்டை அழுத்தி வாசியுங்கள். போனில் உள்ள ட்யூனர் இரண்டையும் ஒன்றாகக் காட்ட வேண்டும். அழுத்திய நோட் ஏறியிருந்தால் பிரிட்ஜில் அந்தத் தந்தியின் தாங்கியைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னால்.

அதற்கும் சரிவராவிட்டால் தந்தியின் உயரம். 12ஆம் ஃபிரெட்டில் பாடசாலை அடிமட்டத்தை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். 6ஆம் தந்திக்கு 2 முதல் 2.5 மில்லிமீற்றர், 1ஆம் தந்திக்கு 1.5 முதல் 2 இருந்தால் நல்லது. கழுத்து வளைவுக்கு: 6ஆம் தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கழுத்து உடலோடு சேரும் இடத்திலும் அழுத்திப் பிடித்து, நடுவே 7ஆம் ஃபிரெட்டில் இடைவெளியைப் பாருங்கள். இரண்டு மூன்று போட்டோகொப்பித் தாள் நுழையும் அளவு போதும். இடைவெளியே இல்லாவிட்டால் கழுத்து பின்னால் வளைந்திருக்கிறது. விரல் நுனி நுழைகிற மாதிரி இருந்தால் முன்னால் வளைந்திருக்கிறது.

இது பருவத்தோடு மாறும். மாரி மழையில் மரம் ஈரம் குடித்து முன்பலகை பருக்கும், தந்தி உயரும், கை நோகும். ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது மரம் வற்றும், தந்தி இறங்கி ஃபிரெட்டில் உரசிச் சரசரக்கும், ஃபிரெட்டின் ஓரங்கள் கையில் கீறும். ஹோட்டல்களில் வேலை கூடுவதும் அந்த மாதங்களில்தான். ஆகவே இந்தச் சோதனையைச் சித்திரையில் ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை செய்து வையுங்கள்.

ஆளைக் கூப்பிடும் இடம்: டிரஸ் ராட்டை (கழுத்துக்குள் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) ஏற்கெனவே திருப்பிப் பழகியவர் கால் சுற்றுத் திருப்பி ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம். திருகாணி இறுகி நின்றால் பலம் கொடுக்காதீர்கள், உள்ளே முறிந்தால் கழுத்தே போகும். கழுத்து முறுகியிருந்தாலோ, பிரிட்ஜ் பலகையை விட்டுக் கிளம்பத் தொடங்கியிருந்தாலோ, ஃபிரெட் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தாலோ கிற்றார் திருத்துகிறவரிடம் கொண்டு போக வேண்டியதுதான். கொழும்புக்கு அனுப்புவதென்றால் கடினப் பெட்டியில் வைத்து, தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தி, தலைப்பகுதிக்குக் கீழே துணி அடைத்து அனுப்புங்கள். போவதற்கு முன் செலவை எழுத்தில் கேளுங்கள். மலிவான கிற்றாருக்கு ஃபிரெட் மாற்றும் கூலி கிற்றாரின் விலையைத் தொடக்கூடும்.

கோளாறு 7: கை நோகிறது

விரல் நுனி நோவது பழகப் போகும். கட்டைவிரலின் அடிச் சதை நோகிறதென்றால் கழுத்தைப் பின்னாலிருந்து நெரிக்கிறீர்கள். கட்டைவிரலை முழுதாக எடுத்துவிட்டு அதே கோர்ட்டைப் பிடித்துப் பாருங்கள். கையின் பாரமே தந்தியை அழுத்தப் போதும் என்று விளங்கும். மணிக்கட்டு நோகிறதென்றால் அது மடங்கியிருக்கிறது. கிற்றாரின் தலைப்பக்கத்தை உயர்த்தி, பட்டியைக் குறுக்குங்கள், அல்லது கிளாசிக்கல்காரர் போல இடது காலுக்குச் சின்னப் பலகை வையுங்கள். நாலு ஃபிரெட் அகலும் பிடிகளை 7ஆம் ஃபிரெட்டுக்கு மேலே பழகி, கை தளர்ந்த பிறகு கீழே கொண்டுவாருங்கள். அங்கே ஃபிரெட்டுகள் நெருங்கியிருக்கும்.

நோவு வந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். நோவைத் தாங்கி வாசிப்பதால் விரல் பலப்படாது.

வைத்தியரிடம் போக வேண்டிய குறிகள்: மோதிர விரலும் சுண்டுவிரலும் விறைப்பது, கட்டைவிரல் முதல் நடுவிரல் வரை விறைத்து இரவில் நித்திரை குழம்புவது, கையில் இருந்து சாமான் தவறி விழுவது, இரண்டு கிழமை ஓய்வு கொடுத்தும் மணிக்கட்டு நோவு போகாதது. இவை நரம்போடு சம்பந்தப்பட்டவையாக இருக்கலாம். தைலம் பூசிக்கொண்டு பருவம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வைத்தியரிடம் கிற்றார் வாசிப்பதையும் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்பதையும் சொல்லுங்கள், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

கோளாறு 8: ஆம்பில் போட்டால் ஊளை, இரைச்சல், அல்லது கையில் சுரீர்

ஊளையிட்டால் ஆம்பை விட்டுத் தள்ளி, அதற்கு முகம் காட்டாமல் இருங்கள், பாஸைக் குறையுங்கள். ஆர்ச்டாப்பென்றால் எஃப் துளைகளில் ஸ்பொஞ்ச் அடைக்கலாம். வயரை அசைக்கும்போது கரகரத்தால் முதலில் வேறு வயர் போடுங்கள். அதுவும் கரகரத்தால் கிற்றாரின் ஜாக்கில் உப்புப் படிந்திருக்கும், கொன்டாக்ட் கிளீனர் ஒரு தடவை அடித்து வயரைச் சில முறை செருகி எடுங்கள். தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதென்றால் கிற்றாரில் பெரிய கோளாறு இல்லை. மங்கலாக்கும் குமிழ் போட்ட விளக்குகளுக்கும் மின்விசிறி ரெகுலேட்டருக்கும் தள்ளி, வேறு சுவரில் உள்ள பிளக்கில் போட்டுப் பாருங்கள்.

தந்தியையும் மைக்கையும் சேர்த்துத் தொடும்போது கையில் சுரீர் என்றால் அந்த இடத்திலேயே வாசிப்பதை நிறுத்துங்கள். கடற்கரைப் புல்வெளியில் வெறுங்காலோடு, 230 வோல்ட்டில், எர்த் இல்லாத நீட்டு வயரில் ஆம்பைப் போட்டு வாசிப்பது உயிராபத்து. முதலில் தந்தியையும் மைக்கையும் தொடாமல் கிற்றாரைக் கீழே வையுங்கள், பிறகு சுவரில் சுவிட்சை அணைத்து பிளக்கைக் கழற்றுங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டியிருக்கிறார்களா, நடுவில் இரண்டு பின் அடாப்டர் செருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அந்த வயரைப் பாவிக்க விடாதீர்கள். பிளக் சரியாக இருந்தும் சுரீர் அடித்தால் ஹோட்டலின் எலக்ட்ரீசியன் வந்து எர்த்தைச் சோதிக்கும்வரை ஆம்பைத் தொட வேண்டாம். முதலாளி அவசரப்படுத்தினால் அன்றைக்கு ஆம்ப் இல்லாமல் வாசிக்கிறேன் என்று சொல்லி, மேசைகளுக்குக் கிட்டப் போய் இருந்து வாசியுங்கள்.